கலங்கிய நீரும் மழுங்காத கத்தியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தினமும் காலையில் 20 நிமிடம் தியானத்தில் அமர்கிறேன். வேலையில் இறங்கிய சற்று நேரத்திலேயே அந்த அமைதி கலைந்துவிடுகிறது. விடுமுறை நாளில் சும்மா இருந்தாலோ, பொழுதை வீணாக்குகிறோமே என்ற உறுத்தல். பழஞ்சீனத் தத்துவமான தாவோ சொல்லும் ‘செயலின்மை’ சோம்பலுக்கு இட்ட நல்ல பெயர்தானா? ஓய்வுக்கும் வேலைக்கும் எவ்வளவு நேரம் ஒதுக்குவது சரி?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சிக்கல் உங்கள் கடைசிக் கேள்வியில் இருக்கிறது. ஓய்வையும் உழைப்பையும் தராசின் இரு தட்டுகளில் வைத்து நிறுக்கப் பார்க்கிறீர்கள். சீன ஞானி லாவோட்சுவின் பெயரில் வழங்கும் ‘தாவோ தே ஜிங்’ நூலின் 81 அத்தியாயங்களில் 15ஆவது, கலங்கிய நீர் அசையாமல் விடப்பட்டால் மெல்லத் தெளியும் என்கிறது. தியானம் பற்றிப் பேசுபவர்கள் இதை விரும்பி எடுத்தாள்வார்கள். ஆனால், அமைதியாகக் கிடப்பதை மெல்ல அசைத்து உயிர்கொள்ளச் செய்பவர் யார் என்று அதை ஒட்டியே வரும் வரியைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

‘வூ வெய்’ என்ற சீனச் சொல்லைச் செயலின்மை என்று மொழிபெயர்த்ததில்தான் பாதிக் குழப்பம். வலிந்து செய்யாமை என்பதே நெருக்கமான பொருள். இன்னொரு தாவோ சிந்தனையாளரான ஜுவாங்சியின் நூலில் மாடு அறுக்கும் திங் என்ற சமையற்காரன் வருகிறான். எலும்பில் மோதாமல் மூட்டுகளின் இடைவெளியிலேயே கத்தியைச் செலுத்துவதால், 19 ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான மாடுகளை அறுத்தும் அது மழுங்கவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது கதையின் பின்பகுதி. சிக்கலான மூட்டு எதிர்ப்பட்டதும் அவன் எச்சரிக்கையாகி, பார்வையை அங்கேயே நிறுத்தி, வேகத்தைக் குறைத்து, கத்தியை மிக மிக மெல்ல நகர்த்துகிறான். வேலையை விடாமல் வேலைக்குள்ளேயே அவன் இளைப்பாறிக்கொள்கிறான் என்றே இதை நான் வாசிக்கிறேன்.

உங்கள் நாளிலும் அத்தகைய மூட்டுகள் உண்டு. ஒரு மின்னஞ்சலை அனுப்பியதுமே விரல் தானாக அடுத்ததைத் திறக்கப் போகும். அங்கே மூன்று மூச்சு பொறுத்து, தோள் இறுகியிருக்கிறதா, பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறோமா என்று பார்த்துவிட்டுத் திறங்கள். (மணியடித்து நினைவூட்டும் செயலி வேண்டாம், எனக்கு அதுவே இன்னொரு வேலையாகிப்போனது.)

விடுமுறை நாளின் உறுத்தலுக்கு வருகிறேன். உடல் நாற்காலியில் கிடக்க, மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் அதை ஓய்வு என்று சொல்ல முடியாது. அன்று சும்மா இருந்தே தீருவது என்று பிடிவாதம் பிடிக்காமல், துணி மடிப்பது போல யாரும் மதிப்பெண் போடாத வேலை ஒன்றை அவசரமின்றிச் செய்யுங்கள். முடிந்தபின் எழ மனமில்லையென்றால் அப்படியே உட்கார்ந்திருங்கள். காலை 20 நிமிடங்களை நிறுத்த வேண்டியதில்லை. நாள் முழுவதையும் அதுவே தாங்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்