ஜெர்ரி ரைஸ்: செங்கல் பிடித்த கைகள் (கேள்வி பதில்)

அமெரிக்கன் ஃபுட்பாலில் வைட் ரிசீவர் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் ஜெர்ரி ரைஸ்தான். 1985 முதல் 2004 வரை 20 சீசன் ஆடியவர். அவரைப் பற்றிக் கேட்டவர்களுக்கான பதில்கள் இவை.

கேள்வி: சார், எனக்கு இந்த விளையாட்டே புதிது. வைட் ரிசீவர் என்ன செய்வார்?

ஒரு அணிக்கு 11 பேர். பந்து கையில் இருக்கும் அணிக்கு 4 வாய்ப்புகள். அதற்குள் 10 யார்டு முன்னேறிவிட்டால் மறுபடி 4 வாய்ப்பு கிடைக்கும். ஒரு யார்டு என்பது 3 அடி. பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். ஓரத்தில் நின்று, ஆட்டம் தொடங்கியதும் ஓடி, அந்தப் பந்தைப் பிடிப்பவர் வைட் ரிசீவர். எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பிடித்தால் டச்டவுன், 6 புள்ளி.

ஆனால் அவர் இஷ்டத்துக்கு ஓட முடியாது. எத்தனை அடி எடுத்து வைத்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது முன்கூட்டியே முடிவான பாதை. அதற்கு ரூட் என்று பெயர். ரிசீவர் திரும்புவதற்கு முன்பே குவார்ட்டர்பேக் பந்தை எறிந்துவிடுவார். பந்து வந்து விழும் இடத்தில் அந்த நொடி ரிசீவர் இருந்தாக வேண்டும். அரை அடி தவறினாலும் எதிரணிக்காரர் பறித்துக்கொள்வார். ரைஸின் பெருமை முழுக்க இங்கேதான் இருக்கிறது.

கேள்வி: செங்கல் பிடித்துப் பழகினார் என்கிறார்களே, உண்மையா, கட்டுக்கதையா?

அவரே பலமுறை சொன்னதுதான். மிசிசிப்பி மாநிலத்தில் க்ராஃபோர்ட் என்ற மிகச் சிறிய ஊரில் வளர்ந்தவர். அப்பா கொத்தனார். கோடை விடுமுறையில் பிள்ளைகள்தான் சித்தாள். ரைஸ் சாரத்தின் மேல் நிற்பார், அண்ணன் தம்பிகள் கீழேயிருந்து செங்கல்லை வீசுவார்கள், அவர் பிடித்து அடுக்குவார். கை பழகியது ஒரு பக்கம் இருக்கட்டும். தெற்கத்திய வெயிலில் நாள் முழுக்க நின்று வேலையை முடிக்கும் பழக்கம் வந்ததே, அதுதான் பின்னால் பெரிதாக உதவியது என்று நான் நினைக்கிறேன்.

விளையாட்டுக்கு வந்த கதையும் அழகானது. பள்ளியில் வகுப்புக்குப் போகாமல் வெளியே நின்றிருந்தார். பின்னாலிருந்து துணைத் தலைமையாசிரியர் குரல் கேட்டதும் ஓட்டம் பிடித்தார். மறுநாள் தண்டனையோடு சேர்த்து, ‘இந்தப் பையன் நன்றாக ஓடுகிறான்’ என்று பயிற்சியாளரிடமும் தகவல் போய்விட்டது.

கேள்வி: பெரிய கல்லூரிகள் ஏன் அவரைக் கூப்பிடவில்லை?

ஊர் அப்படிப்பட்ட மூலை. கடைசியில் அவர் சேர்ந்தது மிசிசிப்பி வேலி ஸ்டேட், கறுப்பின மாணவர்களுக்காக உருவான ஒரு சிறு பல்கலைக்கழகம். அங்கே பயிற்சியாளர் ஆர்ச்சி கூலி, குவார்ட்டர்பேக் வில்லி டோட்டன். எல்லோரும் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதையே நம்பியிருந்த காலத்தில் இவர்கள் எறிந்துகொண்டே இருந்தார்கள். 1984-ல் அந்த அணி ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக 60 புள்ளி எடுத்தது. இன்று அந்த மைதானத்தின் பெயரே ரைஸ்-டோட்டன் மைதானம்.

கேள்வி: தொழில்முறை லீக்கின் அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாக எடுக்கும் 1985 தேர்வில் அவருக்கு முன்னால் 15 பேரை எடுத்திருக்கிறார்கள். என்ன காரணம்?

வேகம். 40 யார்டு ஓட்டத்தில் அவர் எடுத்த நேரம் 4.6, 4.7 வினாடி என்று ஆளுக்கு ஒரு கணக்கு சொல்வார்கள். எதுவாக இருந்தாலும் முதல்தர ரிசீவருக்கு அது மெதுவான நேரம். சிறு கல்லூரி என்ற சந்தேகமும் சேர்ந்துகொண்டது. சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் பயிற்சியாளர் பில் வால்ஷ் மட்டும், ஹூஸ்டனில் ஒரு ஹோட்டல் அறையில் தொலைக்காட்சியில் இவர் ஆட்டத்தின் துண்டுகளைப் பார்த்ததிலிருந்து இவரை மறக்கவில்லை. தன் அணியின் தேர்வு வாய்ப்புகளை நியூ இங்கிலாந்து அணியோடு மாற்றிக்கொண்டு, 16-வது ஆளாக எடுத்தார்.

40 யார்டு ஓட்டத்தில் எதிரே யாரும் கிடையாது, திருப்பமும் கிடையாது. ரைஸ் முழு வேகத்தில் வந்து, வேகம் குறையாமலே திரும்புவார். துரத்துகிற கார்னர்பேக்குக்கு (ரிசீவரைத் தடுக்கும் எதிரணி வீரர்) அவர் எப்போது திரும்பப்போகிறார் என்று தோளிலோ இடுப்பிலோ எந்த அடையாளமும் தெரியாது. அதை எந்தக் கடிகாரத்தால் அளப்பது?

கேள்வி: முதல் வருடம் நிறையப் பந்துகளைக் கோட்டை விட்டாராமே?

ஆமாம், சொந்த மைதானத்திலேயே ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள். வால்ஷின் ஆட்டத் திட்டம் ஒரு தடித்த புத்தகம். அதை யோசித்துக்கொண்டே ஓடியவருக்குக் கை தடுமாறியது. மனப்பாடம் ஆனதும் எல்லாம் மாறியது. அந்த டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணிக்கு எதிராக ஒரே இரவில் 10 பந்து பிடித்து 241 யார்டு முன்னேறினார். இரண்டே வருடம் கழித்து 1987-ல், வீரர்கள் வேலைநிறுத்தத்தால் குறுகிப்போன சீசனில், 12 ஆட்டத்தில் 22 டச்டவுன் பிடித்தார். இதைப் படிக்கும் இளையவர்கள் யாராவது முதல் வருடத் தடுமாற்றத்தில் இருந்தால் அந்த இரண்டு சீசனையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: அவருடைய பயிற்சி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள் அண்ணா.

சான் கார்லோஸ் ஊரில் எட்ஜ்வுட் பூங்காவில் ஒரு மலைப்பாதை, சுமார் 4 கிலோமீட்டர், ஏற்றமாகவே போகும். சக வீரர் ரோஜர் கிரெய்க்குடன் சேர்ந்து சீசன் இல்லாத மாதங்களில் அதில் ஓடுவார். அப்புறம் எடைப் பயிற்சி. கூட வந்து பார்க்கலாம் என்று போன இளம் வீரர்கள் பலர் பாதியில் வாந்தி எடுத்துத் திரும்பினார்கள்.

எனக்கு அதைவிடப் பிடித்தது இன்னொன்று. பயிற்சியில் 5 யார்டு பந்தைப் பிடித்தாலும், அங்கேயே நின்றுவிடாமல் எல்லைக்கோடு வரை முழு வேகத்தில் ஓடிவிட்டுத்தான் திரும்புவார். ஒவ்வொரு முறையும். ஆட்டத்தில் ஒரு குட்டிப் பந்தைப் பிடித்து 50 யார்டு ஓடுவது அப்படிப் படிந்த பழக்கம்தான்.

கேள்வி: அவருக்குக் காயமே படவில்லையா?

முதல் 12 சீசனில் காயத்துக்காக ஒரு ஆட்டம்கூட விட்டதில்லை. 1997-ன் முதல் ஆட்டத்தில் டாம்பா பே அணியின் வாரன் சாப் அவரை முகக்கவசத்தைப் பிடித்து இழுத்து வீழ்த்தியதில் இடது முழங்கால் தசைநார்கள் கிழிந்தன. வருடம் முழுக்க ஓய்வு தேவைப்படும் காயம் அது. 14 வாரத்தில் திரும்பினார், டச்டவுனும் பிடித்தார், விழும்போது அதே காலில் முட்டிச் சில்லு உடைந்தது. அந்த அவசரம் தவறு என்றுதான் நான் இன்றைக்கும் சொல்வேன். அடுத்த வருடம் 16 ஆட்டமும் ஆடி 1,157 யார்டு எடுத்தார்.

கேள்வி: கையுறையில் பசை தடவினார் என்று படித்தேன். அப்படியானால் சாதனைகள் எல்லாம்?

நான் நேசிக்கும் வீரர் என்பதற்காக இதை மறைக்க மாட்டேன். கையில் தடவும் ஒட்டுப்பசையை லீக் 1981-லேயே தடை செய்துவிட்டது. 2015-ல் ரைஸே, கையுறையில் கொஞ்சம் தெளித்துக்கொள்வேன் என்று சொன்னார். பிறகு மன்னிப்புக் கேட்டார், ஆனால் கூடவே ‘எல்லோரும் செய்தார்கள்’ என்றும் சொன்னார். அதே காலத்தில் ஆடிய ரிசீவர் கிரிஸ் கார்ட்டர், ‘நான் செய்யவில்லை’ என்று மறுத்தார். விதிமீறல் விதிமீறல்தான், அது அவர் பெயரில் உள்ள கறை. ஆனால் பசை ஒருவரைத் தனியாக நிற்கும் இடத்துக்குக் கொண்டுபோகாது. தடுக்க வந்தவரை இரண்டு யார்டு பின்னால் விட்டது அவருடைய கால்கள்.

கேள்வி: பந்து பிடித்து வாழ்நாளில் எடுத்த 22,895 யார்டு சாதனையை யாராவது உடைப்பார்களா? இப்போது சீசனுக்கு 17 ஆட்டம் வேறு நடக்கிறதே.

கணக்கைப் பாருங்கள். ஒருவர் வருடத்துக்கு 1,145 யார்டு வீதம் 20 வருடம் எடுத்தால்தான் தொட முடியும். வருடம் 1,500 எடுத்தாலும் 15 வருடத்துக்கு மேல் வேண்டும். இரண்டாம் இடத்தில் இருக்கும் லாரி ஃபிட்ஸ்ஜெரால்ட் 17 சீசன் ஆடி 17,492-ல் நிறுத்தினார். ஒரே சீசன் சாதனைகள் போய்விட்டன: ரைஸின் 1995-ம் வருட 1,848 யார்டை 2012-ல் கால்வின் ஜான்சன் தாண்டினார். வாழ்நாள் கணக்கு வேறு. ரைஸ் 2002-ல், 40 வயது நிரம்பிய சீசனில், ஓக்லாந்து ரெய்டர்ஸுக்காக 92 பந்து பிடித்து 1,211 யார்டு எடுத்தார். பெரும்பாலானவர்கள் ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகியிருக்கும் வயது அது.

கேள்வி: ஒரே ஒரு ஆட்டம் பார்க்க வேண்டுமென்றால் எது?

1989 ஜனவரியில் மயாமியில் நடந்த சூப்பர் பவுல், அதாவது லீக்கின் இறுதி ஆட்டம், சின்சினாட்டி பெங்கால்ஸுக்கு எதிராக. கணுக்கால் வலியோடு வந்தவர் 11 பந்து, 215 யார்டு எடுத்து ஆட்ட நாயகன் ஆனார். கடைசி 3 நிமிடம் 10 வினாடி இருக்கும்போது அணி 3 புள்ளி பின்தங்கி, தன் எல்லையிலிருந்து 8 யார்டில் நிற்கிறது. குவார்ட்டர்பேக் ஜோ மொன்டானா அங்கிருந்து 92 யார்டு நடத்திப்போகிறார். நடுவில் 20 யார்டு தேவைப்பட்ட ஒரு சிக்கலான கட்டத்தில் ரைஸ் 27 யார்டு எடுத்துத் தருகிறார். வெற்றி டச்டவுன் இன்னொரு ரிசீவர் ஜான் டெய்லருக்குப் போகிறது, 34 வினாடி மிச்சம்.

முதல் தடவை பந்தைப் பாருங்கள். இரண்டாவது தடவை பந்தை விட்டுவிட்டு 80-ம் எண் சட்டையை மட்டும் பாருங்கள், பந்து வேறு யாருக்கோ போகும்போதும்.