பெற்றவர்களே சம்மதித்த பிறகு பெரியப்பா புகார் கொடுக்க முடியுமா?

கேள்வி: என் மூத்த மகளுக்கு 26 வயது. சென்னையில் வேலை பார்க்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன்பு, தான் ஒரு பெண்ணை விரும்புவதாகவும் அவளோடுதான் வாழப்போவதாகவும் எங்களிடம் சொன்னாள். இடிந்துபோனோம். ஆறு மாதம் பேசாமல்கூட இருந்தோம். இப்போது அந்தப் பெண்ணும் எங்கள் வீட்டுப் பிள்ளைதான். ஆனால் என் கணவரின் அண்ணனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. இரண்டு பேரும் சேர்ந்திருக்கும் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு அசிங்கமாக எழுதினார். "காணவில்லை என்று எழுதிக் கொடுத்து, போலீஸை வைத்தே கூட்டிவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்துச் சரிசெய்கிறேன்" என்கிறார். ஊர்க் கூட்டத்தில் பேசி எங்களிடம் கோயில் வரி வாங்காமல் ஒதுக்கி வைக்கப்போவதாகவும் மிரட்டல். எங்களைப் போன்ற பிள்ளைகளைப் பெற்ற நான்கைந்து குடும்பங்கள் மாதம் ஒரு முறை எங்கள் வீட்டில் கூடிப் பேசுகிறோம். அதற்கே கேஸ் வரும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். எங்களுக்குப் பிறகு, என் கணவர் சம்பாதித்துக் கட்டிய வீட்டில் அவர்கள் இருவரும் நிம்மதியாக இருக்க முடியுமா என்ற கவலையும் இருக்கிறது. என்ன செய்ய வேண்டும்?
- பெயர் வெளியிட விரும்பாத தாய், தென் மாவட்டம்

பதில்: அம்மா, இந்த விஷயத்தில் எனக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் மறுபக்கத்திலிருந்து வருபவை. மகளை எப்படிப் பிரித்துக் கூட்டிவருவது என்று பெற்றவர்கள் கேட்பார்கள். நீங்கள் கேட்டிருப்பது வேறு. உங்கள் கேள்விகளில் பாதிக்கான பதில், நீங்களும் உங்கள் கணவரும் மகள் பக்கம் நிற்கிறீர்கள் என்பதிலேயே இருக்கிறது. அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் பக்கத்து வீட்டுக்காரரை முடித்துவிடுவோம். அவர் மனதில் இருப்பது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு. வயது வந்த இருவர் மனமொத்துச் சேர்ந்திருப்பது அந்தப் பிரிவின்கீழ் குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தார்கள். அந்தப் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அப்படி ஒரு பிரிவே கிடையாது. மகள் செய்வதே குற்றமில்லை என்றால், அவளுக்குத் துணை நின்ற நீங்கள் எந்தக் குற்றத்துக்கு உடந்தை? நான்கு குடும்பங்கள் ஒரு வீட்டில் உட்கார்ந்து பேசுவதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

அடுத்து, அந்தக் 'காணவில்லை' புகார். இதைச் சாதாரணமாக விடாதீர்கள். இந்த மாதிரி இணைகளைப் பிரிக்க நம் ஊரில் அதிகம் பயன்படும் வழி இதுதான். மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் சென்னைக்கு வந்துவிட, இரு வீட்டாரும் காணவில்லை என்று புகார் கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் பாதுகாப்புக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்குதான் சுஷ்மா வழக்கு. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அந்த இரு பெண்களையும் அவர்களின் பெற்றோரையும் மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். அப்புறம், தனக்கே இது பற்றிப் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, தானும் ஆலோசகர் முன் போய் உட்கார்ந்தார். என் தொழிலில் இப்படி ஒரு நீதிபதியை அடிக்கடி பார்க்க முடிவதில்லை. 2021 ஜூன் 7 அன்று அவர் பிறப்பித்த உத்தரவில், காணவில்லை என்ற புகாரை விசாரிக்கும்போது சம்பந்தப்பட்டவர்கள் வயது வந்த பால்புதுமையர் (தன்பாலீர்ப்பாளர், திருநர் போன்றவர்கள்), விருப்பத்தோடு சேர்ந்திருப்பவர்கள் என்று தெரியவந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, எந்தத் தொந்தரவும் தராமல் போலீஸ் புகாரை முடித்துவிட வேண்டும் என்று இருக்கிறது.

ஆனால் அந்த உத்தரவு எல்லா ஸ்டேஷனிலும் எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்று நம்பி உட்கார முடியாது. அதனால் பெரியப்பா போவதற்கு முன்பு நீங்கள் முந்திக்கொள்ளுங்கள். உங்கள் மகள், தான் குடியிருக்கும் பகுதி காவல் நிலையத்தில் ஒரு மனு கொடுக்கட்டும்: நான் மேஜர், என் விருப்பப்படி இந்த முகவரியில் வாழ்கிறேன், இன்னாரால் எனக்கு மிரட்டல் இருக்கிறது, இது என் தொலைபேசி எண், வயதுக்குச் சான்று இணைத்திருக்கிறேன். ஒரு பக்கம் போதும். கொடுத்ததற்கு சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்க வேண்டும். நீங்களும் உங்கள் கணவரும் தனியாக ஒரு கடிதம் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, உங்கள் ஊர் ஸ்டேஷனுக்கும் மாவட்ட எஸ்.பி. அலுவலகத்துக்கும் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். எங்கள் மகள் காணாமல் போகவில்லை, தினமும் எங்களோடு பேசுகிறாள், வேறு யார் புகார் கொடுத்தாலும் எங்களைக் கேட்காமல் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று எழுதினால் போதும்.

பெற்றவர்கள் மகள் பக்கம் நிற்பதன் பலன் இங்கேதான் தெரியும். இந்த வழக்குகள் எல்லாவற்றிலும் எதிர்த்தரப்பில் நிற்பவர்கள் பெற்றோர்தான். 'பெற்றவள் அழுகிறாள்' என்ற ஒரு வரிக்குப் போலீஸும் இளகும், சில சமயம் கோர்ட்டும் தயங்கும். பெற்றவர்களே எழுதிக் கொடுத்துவிட்ட பிறகு பெரியப்பா அழுது யாரும் இளகப்போவதில்லை. வேலூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு வழக்கில், 25 வயதுப் பெண்ணை வீட்டார் பிடித்து வைத்திருக்க, அவளுடைய இணை ஆட்கொணர்வு மனு போட்டார். 2025 மே மாதம் நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், வி.லட்சுமிநாராயணன் அமர்வு அந்தப் பெண்ணை அவள் விருப்பப்படி போக விட்டது. குடும்பம் அமைத்துக்கொள்ளத் திருமணம் மட்டுமே வழி இல்லை என்றும், தானே தேர்ந்துகொண்ட குடும்பம் என்ற கருத்து நம் நீதித்துறையில் ஏற்கப்பட்ட ஒன்று என்றும் சொன்னது. அந்தத் தாயிடம் நீதிபதிகள் எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் பலிக்கவில்லை. இவர் லீலா சேத் இல்லை என்று தீர்ப்பிலேயே எழுதிவிட்டார்கள். இந்தியாவில் ஓர் உயர் நீதிமன்றத்துக்குத் தலைமை நீதிபதியான முதல் பெண் லீலா சேத். தன் மகனின் தன்பாலீர்ப்பை ஏற்றுக்கொண்டு, 377-க்கு எதிராகப் பகிரங்கமாகப் பேசிய அம்மாவும் அவர்தான்.

ஒருவேளை புகாரையெல்லாம் தாண்டி ஆளை வைத்தே தூக்கினால், அது கடத்தல். ரகசியமாக அடைத்து வைக்கும் நோக்கத்தோடு கடத்தினால் ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு. பெரியப்பா என்பதற்காகச் சட்டம் விலக்குத் தராது. அன்றைக்கே ஆட்கொணர்வு மனு போடலாம். நீங்களும் போடலாம், மகளின் இணையும் போடலாம். இப்படிப்பட்ட மனுக்களை எப்படி நடத்த வேண்டும் என்று 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தேவு ஜி. நாயர் வழக்கில் வழிமுறை வகுத்திருக்கிறது. மனுவை உடனே எடுக்க வேண்டும், நீதிபதி அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேச வேண்டும், மனு போட்டவருக்கும் அவளுக்கும் என்ன உறவு என்று துருவக் கூடாது, மனதை மாற்றுவதற்கான கவுன்சலிங்குக்கு அனுப்பக் கூடாது. பெண்களுக்கு இலவச சட்ட உதவி வருமானம் பார்க்காமலே கிடைக்கும். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். 15100-க்குக் கூப்பிட்டாலும் சரி.

'ஆஸ்பத்திரியில் சேர்த்துச் சரிசெய்வது' பற்றி. சரிசெய்ய இதில் நோய் எதுவும் இல்லை. ஒரு சமூகத்தின் ஒழுக்க, கலாசார மதிப்பீடுகளோடு ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து ஒருவருக்கு மனநோய் என்று முடிவுகட்டக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 3-வது பிரிவில், சொல்கிறது. பாலீர்ப்பை மாற்றுவதாகச் சிகிச்சை தருவது தொழில்முறை ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் மாநில மருத்துவக் கவுன்சில்களுக்கு எழுதிவிட்டது. அப்படி ஒரு மருத்துவர் ஒப்புக்கொண்டால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுங்கள்.

பலருக்குத் தெரியாத வசதி ஒன்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. 14-வது பிரிவின்படி, மனநலச் சிகிச்சை தேவைப்படும் நிலை வந்தால் தன் சார்பில் பேச ஒருவரை முன்கூட்டியே நியமித்து வைக்கலாம். சாதாரண வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், ஸ்டாம்ப் பேப்பர் வேண்டாம். உங்களையோ தன் இணையையோ உங்கள் மகள் இன்றைக்கே எழுதி வைக்கலாம். சம்மதம் இல்லாமல் ஒருவரை மனநல மருத்துவமனையில் சேர்க்க அந்தப் பிரதிநிதிதான் விண்ணப்பிக்க வேண்டும். பெரியப்பாவுக்கு அங்கே வேலையில்லை.

வாட்ஸ்அப் விஷயத்தில் ஒரு வார்த்தை. அவதூறு வழக்கு போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். போடலாம், பாரதிய நியாய சன்ஹிதாவில் 356-வது பிரிவு இருக்கிறது. ஆனால் எதை அவதூறு என்று சொல்லப்போகிறோம்? 'என் மகளைத் தன்பாலீர்ப்பாளர் என்று சொல்லிவிட்டார்' என்று மனுவில் எழுதினால், அப்படி இருப்பது கேவலம் என்று நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போலாகும். நாளைக்கு அதை உங்கள் மகள் படிப்பாள். நான் அந்த வரியை எழுத மாட்டேன். அவர் எழுதிய ஆபாச வார்த்தைகள், தூக்கிவருவேன் என்ற மிரட்டல், அவள் அனுமதி இல்லாமல் படத்தைப் பரப்பியது, இவற்றைத்தான் புகாராக்க வேண்டும். ஒருவரின் பாலீர்ப்பு அவரது அந்தரங்க உரிமையின் முக்கியமான பகுதி என்று 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு சொன்னது நமக்குத் துணை. குரூப்பை விட்டு வெளியேறுவதற்கு முன் எல்லாவற்றையும் தேதி, எண் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். கோபத்தில் முதலில் வெளியேறிவிட்டு, பிறகு ஆதாரத்துக்கு அலைபவர்கள் அதிகம். படம் வெளியே பரவினால் 1930, சைபர் குற்றப்பிரிவு.

ஊர்க் கூட்டம், வரி வாங்காமல் ஒதுக்குவது எல்லாம் கட்டப் பஞ்சாயத்து. 2011-இல் நம் மாநிலத்திலிருந்து போன ஆறுமுகம் சேர்வை வழக்கில், கட்டப் பஞ்சாயத்துகள் முழுக்கச் சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் பெயர் சொல்லியே கண்டித்தது. கூட்டத்துக்குத் தேதி குறித்தது தெரிந்தால் ஆட்சியருக்கும் எஸ்.பி.க்கும் முன்கூட்டியே மனு கொடுங்கள். உண்மையைச் சொன்னால், முகம் திருப்பிக்கொள்ளும் சொந்தக்காரனை எந்த மனுவாலும் திரும்ப வைக்க முடியாது. கூட்டம் போட்டுத் தீர்மானம் எழுதுவதைத்தான் தடுக்க முடியும்.

இனி உங்கள் மாதக் கூட்டம். இதை விட்டுவிடாதீர்கள். 377 வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்தபோது பெற்றோர் சிலர் தங்களையும் வழக்கில் சேர்த்துக்கொண்டார்கள். 2023-இல் திருமண உரிமை வழக்கின்போது 'ஸ்வீகார்' என்ற பெற்றோர் அமைப்பின் சார்பில் 400-க்கும் மேற்பட்ட பெற்றோர் தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார்கள். அந்த வழக்கில் திருமண உரிமை கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம். சென்னையில் 'ஓரினம்' போன்ற குழுக்கள் பல வருடங்களாகக் குடும்பங்களோடும் பேசிவருகின்றன. போலீஸ் தொல்லை வந்தால் சொல்ல ஒரு விதியே இருக்கிறது: சுஷ்மா வழக்கைத் தொடர்ந்து 2022-இல் தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகளில் 24-சி சேர்க்கப்பட்டது. பால்புதுமையரை மட்டுமல்ல, அவர்கள் நலனுக்காக வேலை செய்பவர்களையும் காவலர்கள் துன்புறுத்தக் கூடாது என்கிறது அது. நீங்கள் இரண்டாவது வகையில் வருகிறீர்கள்.

பதிவு செய்ய வேண்டுமா? வீட்டில் டீ குடித்துப் பேசுவதற்குப் பதிவு தேவையில்லை. பணம் வசூலித்து, அமைப்பின் பெயரில் கணக்குத் தொடங்கும் எண்ணம் இருந்தால் ஏழு பேர் சேர்ந்து சங்கமாகப் பதியலாம். வெளிநாட்டிலிருக்கும் யாராவது நன்கொடை தருகிறேன் என்றால் ஆர்வத்தில் வாங்கிவிடாதீர்கள். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் வேறு அனுமதி வேண்டும். 18 வயது நிறையாத பிள்ளைகளின் பெற்றோர் வரும்போது இன்னும் கவனம். போக்சோ சட்டத்தில் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை, குற்றம் நடந்தது தெரிந்தவர் சொல்லாமல் இருப்பதும் குற்றம். அப்புறம், கூட்டத்தில் பிள்ளைகளின் பெயரைச் சொல்வதற்கு முன் அந்தப் பிள்ளைகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். பெருமையில் சொன்னாலும் அது அவர்கள் ரகசியம்.

கடைசியாக வீடு. இப்போதைய சட்டத்தில் உங்கள் மகளுக்கோ உங்களுக்கோ அவளுடைய இணை வாரிசு இல்லை. மகள் உயில் எழுதாமல் போய்விட்டால், அவள் சொத்து பெற்றோருக்கு வரும்; அவர்களும் இல்லையென்றால் அப்பாவின் வாரிசுகளுக்கு. அதில் முதலில் வேறு பிள்ளைகள் வருவார்கள், ஆனால் அந்த வரிசையில் கொஞ்சம் தள்ளிப் பெரியப்பாவும் நிற்கிறார்! வங்கியில் கூட்டுக் கணக்கு வைக்கவும் ஒருவரையொருவர் நாமினியாகப் போடவும் தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகம் தெளிவுபடுத்தியது. ஆனால் நாமினி பணத்தை வாங்கலாமே தவிர, வாரிசு கேட்டால் கொடுக்க வேண்டிவரும். குடும்பத்தாருக்கு எழுதும் செட்டில்மென்ட் பத்திரத்துக்கான முத்திரைத்தாள் சலுகையும் இணைக்குக் கிடைக்காது. ஆகவே உயில்தான் வழி. வீடு உங்கள் கணவரின் சொந்தச் சம்பாத்தியம் என்பதால் யாருக்கு வேண்டுமானாலும் அவர் எழுதலாம். அவர் மகளுக்கு எழுதட்டும், மகள் தன் இணைக்குத் தனி உயில் எழுதட்டும். வேறு பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு என்ன என்பதையும் அதே உயிலில் சொல்லிவிடுவது நல்லது, பின்னால் சண்டைக்கு இடம் வராது. பதிவு கட்டாயமில்லை, ஆனால் உங்கள் வீட்டு நிலவரத்துக்குப் பதிந்துவிடுங்கள். சாட்சி இரண்டு பேர் வேண்டும். மகளின் இணையைச் சாட்சியாகப் போடாதீர்கள், உங்கள் வயதுக்காரர்களையும் வேண்டாம். இன்னும் முப்பது வருடம் கழித்துக் கோர்ட்டில் வந்து 'ஆமாம், என் முன்னால்தான் கையெழுத்துப் போட்டார்' என்று சொல்லக்கூடியவர்களாகப் பாருங்கள். உங்கள் மாதக் கூட்டத்துக்கு வரும் குடும்பங்களின் இளையவர்களிலேயே அப்படி இரண்டு பேர் கிடைப்பார்கள்.