நிரல் எழுதத் தெரியாதவர் ஆர்டுயினோ என்னும் சிறு கட்டுப்பாட்டுப் பலகையை வைத்து வீட்டிலேயே சக்கர ரோபோ செய்ய முடியுமா?

தாராளமாகச் செய்யலாம். முன்னே போ, நில், திரும்பு என்பதற்கெல்லாம் நாற்பது, ஐம்பது வரி நிரல் போதும். அதை நாலு நாளில் பழகிவிடலாம். என்னைப் படாத பாடு படுத்தியது பேட்டரிதான்.

மின்னணுப் பொருட்கள் விற்கும் சென்னை ரிச்சி தெருவுக்கு மகளையும் அழைத்துப் போய், ஊனோ என்னும் ஆர்டுயினோ பலகை ஒன்று, அதன் கட்டளைப்படி மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் எல்298என் மோட்டார் டிரைவர், கியருடன் வரும் மஞ்சள் மோட்டார் இரண்டு, எல்லாப் பக்கமும் சுழலும் குட்டிச் சக்கரம் ஒன்று, எல்லாவற்றோடும் ஒரு 9 வோல்ட் பேட்டரியும் வாங்கிவந்தேன். பூட்டி முடித்துத் தரையில் விட்டால், வண்டி ஓர் அங்குலம் நகரும். ஊனோவின் விளக்கு அணைந்து எரியும். மறுபடி ஓர் அங்குலம். விக்கல் எடுத்தவன் நடப்பதுபோல் இருந்தது. இரண்டு நாள் நிரலில் பிழை தேடினேன். மூன்றாம் நாள்தான் மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரை எடுக்கத் தோன்றியது. சும்மா இருக்கும்போது 9 வோல்ட் காட்டிய பேட்டரி, மோட்டார் கிளம்பிய நொடியில் 5-க்கும் கீழே விழுந்தது. அந்தச் சின்னப் பெட்டிக்கு உள்மின்தடை அதிகம். இரண்டு மோட்டார்கள் ஒரே நேரத்தில் இழுத்தால் தாங்காது. மின்னழுத்தம் சரிந்ததும் ஊனோ தன்னைத்தானே மறுபடி தொடங்கிக்கொள்கிறது. பாவம், நிரலில் ஒரு குற்றமும் இல்லை.

18650 வகை லித்தியம் செல் இரண்டைத் தொடராக இணைத்ததும் விக்கல் நின்றது. அதில் 7.4 வோல்ட் கிடைக்கும். டிரைவர் ஏறத்தாழ 2 வோல்ட்டைத் தின்றுவிடுகிறது. 3 முதல் 6 வோல்ட்டுக்கான மோட்டார் என்பதால் அதுவும் நல்லதாய்ப் போயிற்று. இந்தச் செல்களின் இரு முனைகளும் ஒன்றையொன்று தொட்டால் தீப்பிடிக்கலாம். உறை போட்டே வையுங்கள். டிரைவரின் கிரவுண்டையும் (GND என்று குறித்த எதிர்முனை) ஊனோவின் கிரவுண்டையும் கட்டாயம் இணையுங்கள். மோட்டாரை நேராக ஊனோவின் காலில் (கம்பி செருகும் பின்) மாட்டிவிடாதீர்கள். ஒரு காலின் உச்ச வரம்பே 40 மில்லி ஆம்பியர்தான், மோட்டார் கேட்பது அதைப்போல் பல மடங்கு.

இன்னொன்று, வண்டி நேராகப் போகாது. ஒரே கடையில் வாங்கிய இரண்டு மோட்டார்களும் ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. நிரலில் வேகத்தை 0 முதல் 255 வரை கொடுக்கலாம். எனக்கு இடது 180, வலது 165 என்று வைத்தபோது கூடத்தை ஒழுங்காகக் கடந்தது. எண்ணை ரொம்பக் குறைத்தால் மோட்டார் முனகும், நகராது.

தடையைக் கண்டு நிற்க எச்.சி-எஸ்.ஆர்04 என்னும் மீயொலி உணரி வைத்தோம். காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, அதன் எதிரொலியைக் கேட்கும் கருவி இது. எதிரொலி திரும்ப எடுக்கும் மைக்ரோ வினாடிகளை 58-ஆல் வகுத்தால் தூரம் சென்டிமீட்டரில் வரும். சுவருக்கு 20 சென்டிமீட்டர் முன்னால் சமர்த்தாக நிற்கிறது. காயப்போட்ட போர்வைக்குள் மட்டும் நேரே போய் நுழைந்துவிடுகிறது. துணி ஒலியை விழுங்கிவிடுகிறதே! இப்போதெல்லாம் கொடியில் துணி இருந்தால் மகள் வண்டியை வெளியே எடுப்பதில்லை.