உட்கார்ந்தபடி 14.65 மீட்டர்

கேள்வி: 2024 பாரிஸ் பாராலிம்பிக் குண்டு எறிதலில் ஹோகாடோ ஹோடோஷே சேமா 14.65 மீட்டர் எறிந்து வெண்கலம் வென்றார். "எங்கள் கல்லூரிப் பையன்களே இவ்வளவு எறிவார்கள்" என்கிறான் என் தம்பி. இது பெரிய தூரம்தானா ஐயா?
– வாசகி ஒருவர்

பதில்: தம்பியை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து எறியச் சொல்லுங்கள் அம்மா. ஸ்டூல் சாயாமல் யாராவது பிடித்துக்கொள்ளட்டும். உடற்கல்வி ஆசிரியராக இருந்தபோது என் மாணவர்களிடம் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். நின்று 10 மீட்டர் எறிந்த பையனுக்கு உட்கார்ந்து 6 தாண்டவில்லை. குண்டு எறிவது கையால் என்றுதான் அதுவரை அவனும் நினைத்திருந்தான். உண்மையில் விசை பாதத்தில் பிறந்து, தொடை, இடுப்பு வழியாக ஏறி, கடைசியில்தான் விரலுக்கு வருகிறது.

சேமா எறிவது எஃப்57 பிரிவில், அதாவது காலில் குறைபாடு உள்ளவர்கள் உட்கார்ந்தபடி எறியும் பிரிவில். குண்டு 4 கிலோ. பொதுப் போட்டியில் ஆண்களுக்கு 7.26 கிலோ என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் இங்கே இருக்கையைத் தரையோடு இழுத்துக் கட்டிவிடுவார்கள். அதன் உயரம் 75 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. எறியும்போது பிட்டம் இருக்கையைவிட்டு எழும்பினால் ஃபவுல். கீழிருந்து வரவேண்டிய வேகத்தை முதுகும் வயிறும் தோளும்தான் தேடித்தர வேண்டும்.

இனி அவர் கதை. நாகாலாந்துக்காரர், விவசாயி மகன். ராணுவத்தில் சேர்ந்த கொஞ்ச காலத்திலேயே, 2002-இல், காஷ்மீரின் சௌக்கிபலில் கண்ணிவெடி வெடித்து இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். அப்போது வயது 18. குண்டைக் கையில் எடுத்தது 2016-இல், 32 வயதில். புனே செயற்கைக் கால் மையத்தில் ஒரு ராணுவ அதிகாரி இவருடைய உடற்கட்டைப் பார்த்து, எறிந்து பாரேன் என்றாராம். நடுவில் போன அந்தப் பதினான்கு வருடங்களை நினைத்தால் எனக்கு மனசு கனத்துப்போகிறது. எத்தனை பேர் இப்படிக் கேட்க ஆளில்லாமலே இருந்துவிடுகிறார்கள்!

ஹாங்சோ ஆசியப் பாரா விளையாட்டில் வெண்கலம். 2024 உலகப் போட்டியில் நான்காமிடம், பதக்கம் கைநழுவியது. அப்புறம்தான் பாரிஸ். இருக்கையைக் கட்டி அவிழ்க்க நேரமாகும் என்பதால் இருக்கைப் போட்டிகளில் ஒருவரே தன் முறைகளை அடுத்தடுத்து எறிந்து முடிப்பார். நடுவே மூச்சு வாங்க அவகாசமில்லை. சேமா இரண்டாவது முறை 14 மீட்டரைத் தொட்டார். மூன்றாவதில் 14.40. நான்காவதில் வந்ததுதான் நீங்கள் சொன்ன அந்த 14.65.