எஞ்சினைத் தூக்கும் சங்கிலி குட்டையாக இருந்தால் என்ன ஆபத்து?

காரின் எஞ்சின் 150 கிலோதான், சங்கிலியோ ஒரு டன் தாங்கும், பிறகென்ன பயம் என்று கேட்டிருக்கிறீர்கள். சங்கிலியின் வலுவோடு அது விரியும் கோணத்தையும் பார்க்க வேண்டும். கிரேனின் கொக்கியிலிருந்து எஞ்சினின் இரு முனைகளுக்கும் இறங்கும் சங்கிலிகள் கிடைமட்டத்துடன் 60 பாகை சாய்ந்திருந்தால் ஒவ்வொன்றிலும் சுமார் 87 கிலோ இழுவிசை இருக்கும். சங்கிலி குட்டையாகி அக்கோணம் 30 பாகைக்குத் தாழ்ந்தால், ஒவ்வொன்றிலும் முழு 150 கிலோ விழுவதோடு, சங்கிலியை எஞ்சினோடு பிணைக்கும் போல்ட்டைப் பக்கவாட்டில் வளைக்கும் இழுப்பும் கூடிவிடும். அப்போது முதலில் முறிவது சங்கிலியன்று, போல்ட்டுதான். ஆகவே தூக்குவதற்கென்றே எஞ்சினில் பொருத்தப்பட்ட வளையங்களில் மாட்டுங்கள். எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுசெல்லும் குழாய்த் தொகுதியான இன்டேக் மேனிஃபோல்டில் ஒருபோதும் கட்டாதீர்கள். (கயிற்றில் கட்டித் தூக்கியும் ஒன்றும் ஆகவில்லை என்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு, அது அவர்கள் அதிர்ஷ்டம்.)

ஹைட்ராலிக் கிரேனில் 2 டன் என்று எழுதியிருப்பது அதன் கை முழுவதும் உள்ளே இருக்கும் நிலைக்கு மட்டுமே. கையை நீட்ட நீட்டத் தாங்கும் எடை வெகுவாகக் குறையும். எஞ்சினைச் சில சென்டிமீட்டர் மட்டும் உயர்த்தி நிறுத்தி, கழற்ற மறந்த ஒயரோ குழாயோ இழுபடுகிறதா என்று பாருங்கள். வெளியே வந்ததும் தரையை ஒட்டித் தாழ்த்திய பிறகே கிரேனை நகர்த்துங்கள். தொங்கும் எஞ்சினுக்கு அடியில் கையோ காலோ போகக் கூடாது.