கண்ணாடி முன்னாடி நின்னு சொன்னா தைரியம் வருமா?

கடிதம்:

வணக்கம் அக்கா. என் பொண்ணு ஆறாவது படிக்கிறா. மேத்ஸ் டெஸ்ட்னா முதல் நாளே வயித்து வலி, அழுகை. ஒரு வீடியோ பாத்துட்டு தினமும் காலைல கண்ணாடி முன்னாடி நிக்க வச்சு "நான் கணக்குல புலி"ன்னு பத்து தடவ சொல்ல வச்சேன். கொஞ்ச நாள்லயே "ஏம்மா பொய் சொல்ல சொல்ற"ன்னு அழுதுட்டா. எனக்கும் வேலை, வீடுன்னு ஓடி முடியல, அவள கத்திட்டு ராத்திரி படுத்தா நான்லாம் ஒரு அம்மாவான்னு தோணிகிட்டே இருக்கு. இப்படி நமக்கு நாமே நல்லதா பேசிக்கிறது நிஜமாவே உதவுமா?

எஸ்., கரூர்

பதில்:

அன்புள்ள எஸ்.,

உதவும்மா, ஆனா என்ன சொல்லிக்கிறோம்ங்கறதுல இருக்கு. உங்க பொண்ணு கேட்டது ரொம்ப சரியான கேள்வி. 2009ல கனடாவுல ஜோஆன் வுட்னு ஒரு உளவியல் பேராசிரியர், தன்மேல நம்பிக்கை கம்மியா இருக்கறவங்கள 'நான் அன்புக்குரிய ஆள்'னு திரும்பத் திரும்ப சொல்ல வச்சு பாத்தாங்க, அவங்களுக்கு மனசு இன்னும் சோர்ந்துதான் போச்சு. நம்பாத ஒண்ண வாய் சொன்னா, போன டெஸ்ட்ல என்ன மார்க்குன்னு மனசு உடனே எதிர்சாட்சி சொல்ல ஆரம்பிச்சிடுது.

நெதர்லாந்துல ஒன்பதுலருந்து பதிமூணு வயசு பசங்களுக்கு கணக்கு டெஸ்ட் வச்சு நடுவுல நிறுத்தி, சிலர 'நான் இதுல கெட்டி'ன்னும் சிலர 'என்னால முடிஞ்சத முழுசா செய்வேன்'னும் மனசுக்குள்ள சொல்லிக்க சொன்னாங்க. கணக்கு வராதுன்னு நினைச்சிட்டிருந்த பசங்களுக்கு ரெண்டாவது பேச்சுதான் கை குடுத்துச்சு, முதல் பேச்சு ஒண்ணும் பண்ணல. அதனால புலிய விட்டுடுங்க. "பயமா இருக்கு, பரவால்ல, மொதல்ல கேள்விய ரெண்டு தடவ படிக்கிறேன், என்ன குடுத்திருக்காங்கன்னு எழுதுறேன்" இப்படி அவ நம்பக்கூடிய, அவ கையில இருக்கற விஷயமா இருக்கணும்.

இத அவளுக்கு பாடமா நடத்தாதீங்க, அவ காதுல விழற மாதிரி நீங்க பேசுங்க. சின்னப் பிள்ளைங்க விளையாடும்போது தனக்குத்தானே சத்தமா பேசிக்கும்ல, அந்தப் பேச்சுதான் வளர வளர உள்ள போய் சிந்தனை ஆகுதுன்னு ரஷ்யாவுல வைகாட்ஸ்கின்னு ஒரு உளவியல் அறிஞர் சொன்னாரு, பெரியவங்க பேசறத கேட்டுத்தான் அதுவே வருது. இத வச்சே 1971ல மைக்கன்பாம்னு ஒருத்தர் அவசரக்கார பசங்களுக்கு பழக்கினாரு: பெரியவர் வேலைய செஞ்சுகிட்டே சத்தமா பேசுவார், அப்புறம் பிள்ளை சத்தமா, அப்புறம் முணுமுணுப்பா, கடைசில மனசுக்குள்ள. உங்க வீட்ல பால் பொங்கி வழியும்போது "சரி, பதறாத, அடுப்ப அணை, துணிய எடு, நேரம் இருக்கு"ன்னு நீங்க சொல்றத அவ தினமும் கேட்டாலே போதும், கண்ணாடியே வேணாம்.

இப்ப உங்க விஷயம். ராத்திரி அந்த நினைப்பு வரும்போது 'நான்'னு ஆரம்பிக்காம உங்க பேரச் சொல்லி உங்கள கூப்பிடுங்க. ஈதன் கிராஸ்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் 2014ல காட்டினது இது, பேரச் சொல்லி பேசிக்கிட்டவங்களுக்கு பதற்றம் கம்மியாச்சு. நம்ம கவிஞருங்க 'நெஞ்சே'ன்னு மனச முன்னாடி உக்கார வச்சு பேசினது சங்க காலத்துலருந்தே இருக்கு. "இன்னிக்கு நீ கத்திட்ட, மதியம் சாப்பிடவும் இல்ல, காலைல அவகிட்ட சாரி கேட்டுடு" உங்க தங்கச்சி அழுதா இப்படித்தானே சொல்வீங்க, அதே குரல்ல சொல்லுங்க, சொன்ன மாதிரி காலைல சாரியும் கேளுங்க.

ஒண்ணு மட்டும், பேச்சு வேலைப்பளுவ குறைக்காது. வீட்ல மத்தவங்க சமையலையோ ஹோம்வொர்க்கையோ பங்கு எடுத்துக்கணும், அத வாய்விட்டு கேளுங்க. வயித்து வலி டெஸ்ட் இல்லாத நாள்லயும் வந்தா, இல்ல தூக்கம் சாப்பாடு கெட்டா குழந்தைகள் டாக்டர்கிட்ட காட்டிடுங்க. உங்களுக்கே தாங்கலன்னா அரசாங்கத்தோட மனநல உதவி போன் டெலி மானஸ் 14416க்கு கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழ்லயே பேசுவாங்க.

அடுத்த டெஸ்ட் முடிஞ்சதும் எழுதுங்க. மார்க் வேணாம், முதல் நாள் ராத்திரி அவ தூங்கினாளா, நீங்க தூங்கினீங்களான்னு சொல்லுங்க.

அன்புடன்,
அக்கா