கட்டிங் வேஸ்ட் மூட்டைக்குள்ள என்ன இருக்கு? வாசகர் கேள்விக்கு பதில்

போன இதழ்ல பனியன் வேஸ்ட், அதாவது பனியனுக்கு துணி வெட்டும்போது மிஞ்சற துண்டு பத்தி போற போக்குல ரெண்டு வரி எழுதினேன், அதுக்கு இத்தன கேள்வி வரும்னு சத்தியமா நெனைக்கல. எல்லாத்துக்கும் எடம் இல்ல, அஞ்சு மட்டும் எடுத்திருக்கேன்.

கேள்வி: ஏனுங்க, சின்னதா ஒரு பனியன் கம்பெனி வெச்சிருக்கேன், கட்டிங் டேபிளும் நம்மளுதுதான். வேஸ்ட் எடுக்க வர்றவரு எல்லாத்தையும் ஒரே மூட்டையா அள்ளிட்டு அவரு சொல்றதுதான் ரேட்டுங்கறாரு. பக்கத்து கம்பெனிக்கு மட்டும் கூட குடுக்கறாராம், இது நாயமா?
(வாசகர், காங்கயம் ரோடு, திருப்பூர்)

அண்ணா, பக்கத்து கம்பெனி டேபிள ஒருக்கா எட்டிப் பாருங்க, அனேகமா அங்க கலருக்கு ஒரு சாக்கு கட்டி விட்டிருப்பாங்க. விஷயம் அவ்வளவுதான்.

100 கிலோ துணி வெட்டினா மார்க்கர் (துணில எந்தப் பீஸ எங்க வெட்டறதுன்னு போடற வரைபடம்) போடறதப் பொறுத்து 10-லேர்ந்து 15 கிலோ வரைக்கும் துண்டாப் போயிடும். அந்தத் துண்டு போற எடம் ஓஇ மில்லு, ஓபன் எண்ட்ங்கற மொறைல நூல் ஓட்டற மில்லு. அங்க பல்லு வெச்ச உருளைல குடுத்து கிழிச்சு மறுபடி பஞ்சாக்கி நூல் ஓட்டறாங்க. இதுல அழகு என்னன்னா சாயம் ஏற்கனவே துணில ஏறிக் கெடக்கு, நீலத் துண்ட கிழிச்சா நீலப் பஞ்சு, அதுலேர்ந்து வர்றது நீல நூலு, சாயப்பட்டறைக்கே போக வேண்டாம், தண்ணி மிச்சம், சாயம் ஏறப் போடற உப்பு மிச்சம். ஆனா நீலமும் செவப்பும் பச்சையும் ஒண்ணாக் கலந்து வந்தா என்ன நூல் வரும்? அழுக்கு சாம்பல் கலர்ல ஒண்ணு வரும், அதுக்கு தகுந்த ரேட்டுதான் வரும்.

ஒருநாள் ஒரு வேஸ்ட் கோடவுன்ல மத்தியானம் பூரா உக்காந்து பாத்தேன். ஆளொசரத்துக்கு மூட்ட, நடுவுல தரைல நாலஞ்சு அக்காமாரு, மடில கத்திரி. ஒவ்வொரு துண்டா எடுத்து ரெண்டு கையாலயும் இழுத்து விடறாங்க, சாதா துணின்னா இழுத்த வாக்குல சோம்பேறியா நிக்குது, சிலது பட்டுனு சுருங்கிக்குது, உடனே "லைக்ரா"ன்னு ஒரு சத்தம், துண்டு அந்தப் பக்கம் பறக்குது. சந்தேகம்னா ஒரு நூல உருவி தீக்குச்சில காட்டறாங்க, பேப்பர் எரியற வாசம் வந்து சாம்பலா உதிர்ந்தா காட்டன், உருகி மணி மாதிரி கெட்டியாச்சுன்னா பாலியஸ்டர். ரப்பராட்டம் இழுபடற இந்த லைக்ரா நூலுதான் மில்லுக்காரங்களுக்கு எமன், கிழிக்கிற மிஷின்ல போனா அறுபடாம ரப்பர் மாதிரி இழுத்துட்டே போயி உருளைல சுத்திக்கும். உங்க மூட்டைல லைக்ரா ரிப் (கழுத்துப் பட்டிக்கு வெக்கற துணி) துண்டு கெடந்தா அதப் பொறுக்கற கூலியையும் சேத்துத்தான் அவரு ரேட்ல கழிக்கறாரு.

அதனால கட்டிங் மாஸ்டர்கிட்ட சொல்லி டேபிள் பக்கத்துலயே சாக்கு கட்டி விடுங்க. வெள்ள தனி, கறுப்பு தனி, மத்த கலரு தனித்தனி, லைக்ரா எதுவா இருந்தாலும் தனி. வெட்டும்போது பிரிக்கறது ஒரு நிமிஷ வேல, மூட்டையாக் கட்டின பொறகு பிரிக்கறது ஒருநாள் கூலி.

கேள்வி: ஆன்லைன்ல "100% ரீசைக்கிள்ட் காட்டன்"னு டீஷர்ட் விக்கறாங்க. நெசமா, ரீலா?
(கல்லூரி மாணவர், கரூர்)

தம்பி, கிழிக்கும்போது பஞ்சோட நீளம் கொறஞ்சு போயிடும். நீளம் கொறஞ்ச பஞ்ச ரிங் ஸ்பின்னிங்ல, அதாவது மெல்லிசு நூல் ஓட்டற வழக்கமான மொறைல இழுத்தா அறுந்துக்கும், அதனாலதான் ஓஇ-ல கொஞ்சம் தடி நூலா ஓட்டறாங்க, பலத்துக்கு பெட் பாட்டில்லேர்ந்து எடுத்த பாலியஸ்டரையும் கலக்கறாங்க. பெட்ஷீட், மிதியடி, தொடைக்கிற துணிக்கெல்லாம் அது தாராளம், உங்க ஊர்லயே பாத்திருப்பீங்க. மெல்லிசா வழவழன்னு இருக்கற டீஷர்ட்ல 100%-ன்னு போட்டிருந்தா எனக்கு சந்தேகம்தான். ஜிஆர்எஸ்னு (குளோபல் ரீசைக்கிள்ட் ஸ்டாண்டர்ட்) ஒரு சர்டிபிகேட் இருக்கு, பொருள்ல 20% ரீசைக்கிள் சரக்கு இருந்தாலே அதுக்குள்ள வரலாம், ஆனா அந்த முத்திரைய டேக்ல போட்டு கஸ்டமருக்கு காட்டணும்னா 50% வேணும். டேக்ல பர்சன்டேஜப் பாருங்க, பச்சை எலைப் படத்தப் பாக்காதீங்க.

இன்னொண்ணு, நம்மூர்ல ரீசைக்கிள்னு போறதுல பெரும்பகுதி யாரும் உடுத்தாத கட்டிங் துண்டுதான். உடுத்திக் கழிச்ச துணிய கிழிக்கறது வேற கத, ஜிப்பு, பட்டன், தையல் நூலு, லேபிள்னு ஒவ்வொண்ணா எடுக்கணும். பழைய கம்பளித் துணிய கிழிச்சு போர்வை பண்றதுல ஹரியானா பானிபட் பேர் போன ஊரு. நாம அந்தப் பக்கம் இன்னும் சரியா தலை வெச்சே படுக்கல.

கேள்வி: சாயத் தண்ணி ஒரு சொட்டு கூட வெளிய விடறதில்லன்னு சொல்றாங்க. அப்ப எங்க கெணத்துல ஏன் இன்னும் உப்பு?
(விவசாயி, சென்னிமலை)

ஐயா, உங்க கேள்விக்கு நல்ல பதிலா சொல்ல எங்கிட்ட இல்ல. நொய்யல் ஆத்து மேல ஒரத்துப்பாளையம் அணை 1992-ல பாசனத்துக்குன்னு வந்துச்சு, கடைசில சாயத் தண்ணி தேங்கற குட்டையா ஆயிப்போச்சு, உங்களுக்கு நான் சொல்லணுமா. மண்ணுல அத்தன வருஷம் எறங்கின உப்பு, பட்டறைய மூடின மறுநாளே வெளிய போயிடாது.

2011 ஜனவரில ஐகோர்ட்டு திருப்பூர் சாயப்பட்டறைய மூடச் சொன்னப்ப 700-க்கு மேல யூனிட் மூடிக் கெடந்துச்சு. அப்பறம்தான் பொது சுத்திகரிப்பு நிலையம் எல்லாம் ஒழுங்குக்கு வந்துச்சு. பாக்டீரியா வெச்சு சுத்தம் பண்ணி, ஆர்ஓ-ல விட்டு, 90% கிட்ட தண்ணி திரும்ப பட்டறைக்கே போகுது. மிச்சம் நிக்கற கெட்டி உப்புத் தண்ணிய காய்ச்சி சோடியம் சல்பேட்ட பிரிச்சு அதையும் சாயத்துக்கே திருப்பி விடறாங்க. இது நெசமாவே பெரிய காரியம்தான், நான் கொறச்சு சொல்லல. ஆனா பிரிக்க முடியாத கலவை உப்புன்னு ஒண்ணு மிஞ்சுது, அத யாரும் வாங்க மாட்டாங்க, மூட்ட மூட்டையா ஷெட்டுல அடுக்கிக் கெடக்கு. ஒரு சொட்டு கூட வெளிய விடாத "ஜீரோ டிஸ்சார்ஜ்"னு சொல்றாங்கள்ல, அந்த ஜீரோங்கறது தண்ணிக்கு மட்டும்தாங்க.

கேள்வி: துணி பிரிக்க ஆளே கெடைக்க மாட்டேங்குது, இதுக்கு மிஷின் வராதா?
(வாசகர், அவிநாசி)

வந்தாச்சு. சுவீடன்ல மால்மோங்கற ஊர்ல 2020-ல ஒரு பிளாண்ட் தொறந்தாங்க, வருஷத்துக்கு 24,000 டன் பிரிக்கற அளவு, அகச்சிவப்பு ஒளிய அடிச்சு இது காட்டன் இது பாலியஸ்டர்னு கண்டுபிடிச்சு காத்தால ஊதித் தள்ளிடுது. ஆனா கன்னங்கரேல்னு இருக்கற துணில தடுமாறும், ரெண்டு அடுக்கா தச்சிருந்தா மேலடுக்கத்தான் பாக்கும். நம்மூர் வேஸ்ட் யாவாரி ஒருத்தர் தனியா வாங்கற ரேட்டுலயும் இருக்காது. நாலஞ்சு பேரா சேந்து போட்டா பாக்கலாம், ஆனா வேஸ்ட் யாவாரத்துல நாலு பேர் சேந்து ஒண்ணு பண்ணி நான் பாத்ததில்ல.

கேள்வி: பழைய நைட்டிய என்ன பண்றது? கோயமுத்தூர் குப்பை வண்டில போட மனசு வரல.
(இல்லத்தரசி, கோவை)

காட்டன் நைட்டியா அக்கா? பட்டன கழட்டி டப்பால போட்டுக்குங்க, மாரு பக்கம் நைஞ்சிருக்கும் அத விட்டுருங்க, கீழ் பாகம் நாலு துண்டு வரும், ரெண்டு அடுக்கா மடிச்சு தச்சா அடுப்படிக்கு கைப்பிடித் துணி. பாலியஸ்டர் நைட்டின்னா அடுப்பு பக்கமே கொண்டு போவாதீங்க, கைல உருகி ஒட்டிக்கும்.